ஏணிக்கு மேலும் கீழும்

சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் வந்து கூடுகிற கிருஷ்ணகிரியில், பகல் முழுக்கக் கண்டெய்னர் லாரிகள் புகைவிட்டுக் கடக்கிற ஊருக்கு மேலே, சையத் பாஷா மலை என்று மக்கள் அழைக்கும் பாறைமலை நிற்கிறது. அதன் மேல் விஜயநகரக் காலத்தில் ஜெகதேவராயர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோட்டை. 1791 நவம்பர் 7 இரவு லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை இந்த மலையின் கீழ் வந்து நின்றது. திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஓசூரும் ராயக்கோட்டையும் அந்த ஜூலையிலேயே கும்பினியார் கைக்குப் போய்விட்டன. சில நாள்களுக்கு முன் பெண்ணாகரமும் விழுந்திருந்தது. கிருஷ்ணகிரியிலும் பேட்டை வீழ்ந்தது, கீழ்க்கோட்டை வீழ்ந்தது. ஓடுகிறவர்களோடு கலந்து மேற்கோட்டை வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்று துரத்தியவர்களுக்கு முன்னால் கதவு அடைபட்டது. ஏணிகளைக் கொண்டுவந்து சாத்தினார்கள். மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. ஏணிகள் நொறுங்கின, ஏறியவர்கள் விழுந்தார்கள், படை பின்வாங்கியது, போகிற போக்கில் பேட்டைக்குத் தீ வைத்தது.

இருட்டு, தீ, செங்குத்தான பாறை, ஏணி, உருளும் கல். ஒரு வார்த்தை வசனம் வேண்டியதில்லை. மௌனப் படக் காலத்து இயக்குநர் ஒருவருக்குக் கைமேல் கிடைத்த காட்சி இது. ஆனாலும் எவரும் எடுக்கவில்லை. எடுக்கப்படாமல் போனது இழப்பா என்ற கேள்விதான் முதலில் எழும். அதைவிட ஆழமாகத் தைக்கிற இன்னொரு கேள்வி உண்டு: எடுத்திருந்தால் அதைப் பார்க்கிற இந்த வட்டாரத்து மனிதர், ஏணியின் எந்த முனையில் தன்னை வைத்துக்கொண்டிருப்பார்?

பேசாத போர்ப்படங்களின் வரலாற்றைப் புரட்டினால், அவற்றில் பல, போர் நடந்த மண்ணில் எடுக்கப்பட்டவையே அல்ல. 1857இன் லக்னோ முற்றுகையை அமெரிக்காவின் எடிசன் நிறுவனம் 1912இல் படமாக்கியது. எடுத்த இடம் அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் பெர்முடா தீவு. கோமதி ஆற்றங்கரைக்குப் பதில் கடல்காற்று வீசும் ஒரு தீவு. அதே ஆண்டு, அதே நிறுவனம், அதே இயக்குநர் ஜே. சியர்ல் டாவ்லி, கிரிமியப் போரில் பாலக்லாவாவில் நடந்த குதிரைப்படைப் பாய்ச்சலை அமெரிக்காவின் வயோமிங் புல்வெளியில் எடுத்தார். பிரிட்டிஷ் குதிரைவீரர்களாகப் பாய்ந்தவர்கள் அமெரிக்க ராணுவத்தின் குதிரைப்படையினர். 1913இல் சார்ல்ஸ் வெஸ்டன் எடுத்த வாட்டர்லூ போர் இன்னும் நெருங்கி வந்து தொடுகிறது. பெல்ஜியத்தில் நடந்த அந்தப் போரை அவர் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் இர்த்லிங்பரோ என்ற ஊரில் மறுபடி நடத்தினார். அது காலணித் தொழிற்சாலைகளின் ஊர். அங்குள்ள மக்கள் நூற்றுக்கணக்கில் வந்து நெப்போலியனுக்கும் வெலிங்டனுக்கும் படைகளானார்கள். முந்தின வாரம் வரை தோல் தைத்த கைகள் துப்பாக்கி தூக்கின. அந்தப் படத்தின் சில பகுதிகள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் தெரிகிற வாட்டர்லூ பொய். புகைக்குள் ஓடுகிற மனிதர்களின் ஓட்டம் பொய்யல்ல. 1913ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தொழிற்பேட்டையின் உடல்கள், அவற்றின் தோள் அகலம், தடுக்கி விழும்போது கை தரையை நாடுகிற விதம் எல்லாம் படச்சுருளில் பதிந்துவிட்டன. போரைப் பற்றிய ஆவணமாக அந்தப் படம் ஒன்றுக்கும் உதவாது. கூலிக்கோ, வேடிக்கைக்கோ ஒரு நாள் செத்து விழுந்து காட்டிய அந்த ஊர்க்காரர்களைப் பற்றிய ஆவணமாக அதற்கு ஈடில்லை.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறுகிற வேளையில் இதை நினைக்காமல் இருக்க முடியாது. பேருந்துகளிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் தருமபுரிக்காரர் உண்டு, ஒடிசாக்காரர் உண்டு, ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் உண்டு. ஒருபுறம் தெலுங்கு, ஒருபுறம் கன்னடம், நடுவே இந்தி. கிருஷ்ணகிரி முற்றுகையை இன்று இங்கே படமாக்கினால் ஏணியில் ஏறப்போகிறவர்கள் இவர்கள்தாம். கும்பினிப் படையும் கிட்டத்தட்ட அப்படித்தான் திரண்டது. சம்பளத்துக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து, தனக்கு நேர்ப்பகை எதுவும் இல்லாத ஒரு மலையின் கீழ் நின்றவர்கள்.

படச்சுருள் வருவதற்கு முன்பே மைசூர்ப் போர்கள் தாம் நடந்த இடத்தை விட்டு வெளியேறிவிட்டன. 1799 மே 4 அன்று திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மறு ஆண்டே லண்டன் லைசியம் அரங்கில் அந்த வீழ்ச்சி 120 அடி நீள வளைவு ஓவியமாக விரிந்தது. வரைந்த ராபர்ட் கெர் போர்ட்டர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். இந்தியாவை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆறே வாரத்தில் முடித்தார் என்பார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் இடிந்த மதிலையும் அதன் மேல் ஏறுகிற தம் நாட்டுப் படையையும் ஆள் உயரத்தில் பார்த்தார்கள். பின்னாளில் சினிமா செய்யப்போவதை அந்தத் துணி முன்கூட்டியே செய்தது: பார்க்கிறவரை ஏணியின் கீழ்முனையில், ஏறுகிறவரின் தோளுக்குப் பின்னால் நிறுத்தியது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் மேலே நிற்பவர்களுக்கு முகம் இருக்காது.

அந்தத் துணி பின்னர் தீயில் அழிந்தது. எதிர்த்தரப்பு தீட்டிய படம் இன்றும் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போனால், 1784இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் பொள்ளிலூர்ப் போரைக் காணலாம். போர் நடந்தது காஞ்சிபுரம் அருகே, 1780 செப்டம்பர் 10 அன்று. தமிழ் நிலத்துப் போர் ஒன்று கன்னட நிலத்துச் சுவரில் வாழ்கிறது. அங்கே தூரம், அண்மை என்ற பேதம் இல்லை. வரிசை வரிசையாகக் குதிரைகள், வெட்டுண்ட தலைகள், வெடிக்கிற மருந்து வண்டி, அதைத் தொலைநோக்கியால் காணும் பிரெஞ்சுக்காரர் லல்லி. நடுவே சிப்பாய்கள் கட்டிய சதுரத்துக்குள் பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும், தோற்ற கும்பினிப் படையின் தலைவர் கர்னல் பெய்லி. கண் இடமிருந்து வலம் நகர நகரப் போர் நடக்கிறது; ஒரே நேரத்தில் எல்லாமும் நடக்கிறது. சுவரும் அசலாக நிற்கவில்லை. திப்பு இறந்தபின் அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி ஒருமுறை செப்பனிடச் செய்தார். 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி மறுபடி தீட்டச் சொன்னார். பொள்ளிலூரில் தோற்ற கும்பினியின் ஆட்சி, தன் தோல்வியைச் சித்திரித்த படத்துக்கு வண்ணம் பூசிக் காப்பாற்றியது. வென்ற பிறகு ஒரு பழைய தோல்வியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஆள்கிறவருக்கு ஆபத்து எதுவும் இல்லை என்பதாலா, அல்லது அந்தச் சித்திரத்தின் வலுவுக்கு முன் அவர்களும் பணிந்தார்களா? இரண்டும் கலந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்தியாவில் மௌனப் படம் கோட்டை ஏறியது 1923இல். கொல்ஹாப்பூரின் பாபுராவ் பெயின்டர் தச்சு, சிற்பம், திரைச்சீலை ஓவியம் என்று வளர்ந்தவர். சீடர் தாம்லேயுடன் சேர்ந்து தன் கேமராவையே தன் பட்டறையில் உருவாக்கிக்கொண்டவர். அவருடைய மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனி எடுத்த 'சிம்மகட்', 1670 பிப்ரவரியில் ஓர் இரவு சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே கொண்டாணா கோட்டையின் செங்குத்துப் பாறையில் கயிறு பற்றி ஏறிய கதை. ஹரி நாராயண் ஆப்டேயின் நாவலைத் தழுவியது. இரவுக் காட்சிக்காகப் பெயின்டர் செயற்கை ஒளியைக் கொண்டுவந்தார். அதுவரை பெரும்பாலும் வெயிலை நம்பியே நடந்த தொழில் அது. கிழவர் ஷேலார் மாமாவாக நடித்தவர் பின்னாளில் பெரும் இயக்குநரான வி. சாந்தாராம், அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டைத் தாண்டியிருக்காது. இளைஞன் கிழவனாக, விளக்கு நிலாவாக, கொல்ஹாப்பூர் ஆட்கள் மாவளி வீரர்களாக எல்லாமே மாற்றுதான். ஆனால் பார்த்தவர்கள் அதை மாற்றாக எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தா சொன்னது, லாவணிக்காரரும் போவாடா பாடகரும் பாடியது கண்ணெதிரே அசைந்தது. அந்தக் கோட்டைகள் அவர்கள் நினைவில் ஏற்கனவே பகுக்கப்பட்டிருந்தன: ஏறுகிறவன் நம்மவன், மேலே நிற்பவன் அயலான். சாந்தாராம் 1930இல் சிவாஜி தோரணா கோட்டையைப் பிடித்ததைப் படமாக்கியபோது வெள்ளை அரசும் அதே பகுப்பைப் படித்துவிட்டது. தலைப்பில் இருந்த 'சுயராஜ்யம்' போயிற்று, கோட்டையில் கொடி ஏறும் காட்சி கத்தரிக்கு இரையாயிற்று. படம் 'உதயகால்' என்ற பெயரில் வெளிவந்தது. பேசாத படம் அரசின் காதில் மிகத் தெளிவாகவே விழுந்திருக்கிறது.

சென்னையில் அந்த ஆண்டுகளில் ஏன் ஒரு கோட்டையும் ஏறப்படவில்லை? கீழ்ப்பாக்கத்தில் ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்துத் தென்னகத்துக் கதைப்படத்தைத் தொடங்கினார். பெயின்டரின் முதல் படமான 'சைரந்திரி'யும் அதே கீசகன் கதைதான். தொடக்கம் ஒன்றாக இருந்தும் கொல்ஹாப்பூர் புராணத்திலிருந்து வரலாற்றுக்குத் தாவியது. சென்னை பெரும்பாலும் புராணத்திலும் சமூகக் கதையிலும் தங்கியது. பணம், குதிரை, சமஸ்தான ஆதரவு என்று காரணங்களை அடுக்கலாம், அவை உண்மையும்கூட. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. இந்த நிலத்தின் போர்களுக்கு அப்படி ஒரு தெளிந்த பகுப்பு இல்லை. கிருஷ்ணகிரியையே எடுத்துக்கொள்வோம். ஏணியில் ஏறிய படையில் வெள்ளையர்களோடு மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். கர்நாடகப் பாளையங்களிலிருந்தும் வடசர்க்காரிலிருந்தும் திரட்டப்பட்ட தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். மேலிருந்து கல் உருட்டியது திப்புவின் காவல்படை. கீழே எரிந்தது இந்த ஊர்க்காரர்களின் பேட்டை. சினிமா கேட்கிற 'நம்மவன்' யார்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த இரவு கோட்டை விழவில்லை. கல் உருட்டியவர்கள் வென்றார்கள். ஆனால் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் கையெழுத்தில் பாரமகால் எனப்பட்ட இந்த வட்டாரம் முழுவதும் கும்பினிக்குப் போனது. அதோடு இந்தக் கோட்டையும் போனது. வரி வசூலிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ வந்தார். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்தப் புழுதியில்தான் வடிவம் பெறத் தொடங்கியது. பாறையால் காத்ததைக் காகிதத்தால் இழந்த கதை இது. மௌனப் படத்தின் இலக்கணத்துக்குள் இது அடங்காது. கொடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசிக் காட்சியில் காட்ட இருப்பது நிலம் அளக்கும் ஒரு சங்கிலிதான்.

போர் ஓய்ந்த கையோடு, 1792இல், தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையையும் ஜெகதேவியையும் வரைந்தார்கள். அவர்களுடைய பாரமகால் படங்களில் வானம் தெளிந்திருக்கிறது, மலைகள் பொன்னிறத்தில் இருக்கின்றன, மனிதர்கள் சிறியவர்களாக எங்கோ நடக்கிறார்கள். அழகான படங்கள். அழகு அங்கே எரிந்த பேட்டையின் கரிவாடையை முற்றிலும் துடைத்துவிட்டது. பார்க்கப் பார்க்க மனம் அமைதி இழக்கிறது.

படம் இங்கே எடுக்கப்படவில்லையே தவிர, படம் வருவதற்கான பாதை அப்போது இருந்தது. 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து புரொஜக்டரும் சுருள்களும் வாங்கிக் கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். அதே 1905இல்தான் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலக் குறுகிய ரயில்பாதை திறக்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வந்த இன்னொரு சிறுபாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதைகள். 1941இல் மூடப்பட்டன. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை ரயில் திரும்ப வரவில்லை.

அந்தக் காலக் கொட்டகை ஒன்றும் மௌனமாக இருந்ததில்லை. வாசலில் பேண்டு வாத்தியம். உள்ளே திரையருகே ஒருவர் நின்று எழுத்து அட்டைகளைப் படித்துச் சொல்வார், சண்டை வந்தால் மேசையைத் தட்டுவார், குதிரைக்குக் குளம்பொலி கொடுப்பார். மண்ணெண்ணெய் வாடை, பீடிப்புகை, மண்தரையின் ஈரம். ஓசூர் போன்ற எல்லை ஊரில் அட்டையை எந்த மொழியில் படிப்பது என்பதே ஒரு பேரம். ஒரே சண்டைக்குத் தமிழில் ஒரு நியாயம், தெலுங்கில் ஒரு நியாயம், கன்னடத்தில் ஒரு நியாயம் சொல்லலாம். படம் எதையும் மறுக்காது. சிம்மகட் போன்ற படங்களுக்குத் தேவைப்பட்ட ஒற்றைக் குரல், மூன்று மொழி பேசும் சந்தை ஊரில் எடுபடுவது கடினம். இது குறையாகத் தோன்றவில்லை. போரை ஒரே தரப்பாகப் பார்க்க முடியாத ஊரில் பிறப்பதும் ஒரு கல்விதான்.

1911இல் ரஷ்யாவில் கன்ஜோன்கோவும் கொன்சாரோவும் எடுத்த 'செவஸ்தபோல் பாதுகாப்பு' இந்த இடத்தில் வந்து நிற்கிறது. கிரிமியப் போரின் முற்றுகை நடந்த அதே செவஸ்தபோலில் எடுத்தார்கள். படத்தின் இறுதியில், அரை நூற்றாண்டுக்கு முன் உண்மையாகவே அங்கே போரிட்டவர்கள் கிழவர்களாகக் கேமராவுக்கு முன் வந்து நிற்கிறார்கள். ரஷ்யர்கள் மட்டுமல்ல, எதிரணியில் நின்ற பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும். நடிப்பு முடிந்து, மதிலின் இரு பக்கத்து ஆட்களும் ஒரே சுருளில் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சில நொடிகள் அதுவரை காட்டிய எல்லா வீரத்தையும் மெல்லக் கேள்வி கேட்கின்றன. கிருஷ்ணகிரிக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. 1791க்கும் கேமராவுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

ஆனால் இந்த வட்டாரத்துக்குப் போரைப் படமாக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நிலம் முழுக்க நடுகற்கள். சின்னக்கொத்தூர்ப் பக்கம், ஏரிக்கரை, புளியமரத்தடி, சில இடங்களில் வீட்டுச் சுவரோடு சேர்த்தே. கீழடுக்கில் சண்டை: வில்லும் வாளும், உடலில் தைத்த அம்பு, பின்னால் மாடுகள். நடு அடுக்கில் இறந்தவனை இரு பக்கமும் தாங்கி மேலே கொண்டுபோகும் பெண்கள். உச்சியில் லிங்கம். கீழிருந்து மேலாகக் கண் ஏறவேண்டும். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நடந்ததைப் பார்க்கிறவர் மனம் நிரப்பிக்கொள்ள வேண்டும். படத்தொகுப்பு செய்வதும் அதுதான். எழுத்துள்ள கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய்ப் பட்டான் என்பது வரை வெட்டியிருக்கும். பொள்ளிலூர்ச் சுவரில் பெய்லிக்குப் பெயர் உண்டு. லண்டன் துணியில் தளபதிகளுக்குப் பெயர் உண்டு. பெங்களூருப் பேட்டையில் 1791 மார்ச்சில் விழுந்த கர்னல் மூர்ஹவுஸின் சாவை ராபர்ட் ஹோம் தனி ஓவியமாகவே தீட்டினார். மாட்டுக்காகச் செத்த ஊர்க்காவலனுக்குப் பெயர் கொடுத்தது நடுகல் மட்டுமே. கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்தெடுத்து, அவன் உயரத்துக்கு ஒரு கல்லை நிறுத்தியது அந்த மரபு. மௌனப் படம் அதற்கு நேர் எதிர்த்திசையில் போயிற்று. ஆயிரம் பேரை ஓடவிட்டு ஒருவனுக்கு மட்டும் நெருங்கி முகம் காட்டியது.

அந்தக் கல்லும் இப்போது வேறு வேலைக்குப் போகிறது. இந்த மாவட்டத்துப் பாறைகள் கனசதுரமாக அறுபட்டு, பாலிஷ் ஏறி, கப்பலில் போய்ச் சமையல் மேடைகளாகவும் கல்லறைப் பலகைகளாகவும் ஆகின்றன. இதே பாறைக்குலம் எல்லை தாண்டி ராமநகரத்தில் நிற்கும்போது சினிமாவுக்கும் போனது. 1975இல் 'ஷோலே'யில் வடஇந்தியக் கொள்ளையர் பூமியாக நடித்தது. பெர்முடா லக்னோவானதைப் போல ராமநகரம் வேறெங்கோ ஆனது. தானாகவே தோன்ற இந்தப் பாறைக்கு எந்தப் படமும் இடம் தரவில்லை.

இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில் முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பதை ஒட்டியே இருக்கின்றன. தென்னகத்தின் பங்குக்கு நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்தது. நாவலின் பதிப்புரிமை வழக்கில் பறிமுதலாகி, பதிப்பகத்தாரிடம் பூட்டிக் கிடந்ததால் 1974இல் கண்டெடுக்கப்படும்வரை அது தப்பியது. தடை அதைக் காப்பாற்றியது; வெற்றி பெற்று ஊர் ஊராக ஓடிய சுருள்கள் தேய்ந்தும் எரிந்தும் போயின. சிம்மகட் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அதனுடன் போனது தானாஜியின் வீரம் என்று வருந்துகிறவர்கள் உண்டு. தானாஜி போகவில்லை, அவர் நாவலில், பாட்டில், பாடநூலில், புதிய இந்திப் படங்களில் இருக்கிறார். போனவர்கள் பெயின்டரின் விளக்கொளியில் கயிறு பிடித்து ஏறிய கொல்ஹாப்பூர் மல்லர்களும் கூலிகளும். 1923ஆம் ஆண்டின் ஓர் இரவில் அவர்களுக்கு எப்படி வியர்த்தது என்பதும் அவர்களோடு போயிற்று. கிருஷ்ணகிரி முற்றுகையை இனி ஒருவர் எடுக்க வந்தால், சிப்காட் வாசலில் ஆள் எடுத்து, ஏணியில் பாதிப்பேரையும் மதிலில் பாதிப்பேரையும் நிறுத்தி, மதிய உணவுக்குப் பின் இரு பக்கத்தையும் மாற்றி நிறுத்திப் பார்க்கட்டும். காலையில் கல் உருட்டியவர் மாலையில் அதே கல்லுக்கு அண்ணாந்து பார்க்கட்டும். ஓடுகிற ஒவ்வொருவர் பெயரும், ஊரும், எந்த ஷிப்டு என்பதும் படத்தின் முதல் அட்டையிலேயே வரட்டும். அதை மூன்று மொழியிலும் உரக்கப் படிக்க ஓர் ஆளை நிறுத்தட்டும்.